ஏலக்காய் மணக்கும் குளிர்காலம்: நூரெம்பர்க்கிலிருந்து வியன்னா வரை

டிசம்பர் 22, நூரெம்பர்க்

மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, இரண்டு மணி நேர ரயிலில் இங்கே வந்து, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஐரோப்பா போவதென்றால் மே மாதம் போகலாமே, இந்தக் குளிரில் எதற்கு என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கு இந்த இருட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டின் மிக நீண்ட இரவுகளை இந்த மக்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பது கோடையில் வந்தால் தெரியாது.

என் கணவருக்கு வேறு காரணம். போடிநாயக்கனூரில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம், மூன்று தலைமுறையாக. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு ஏலக்காய் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதை அதன் ஊரிலேயே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நூரெம்பர்க்கின் கிறிஸ்துமஸ் சந்தை ஹாப்ட்மார்க்ட் என்ற பெரிய சதுக்கத்தில் நடக்கிறது. 1628-ல் எழுதிய குறிப்போடு ஒரு மரப்பெட்டி இந்த ஊரில் இருக்கிறது. இந்தச் சந்தையைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அதுதான். மரக்கடைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கை கால் வைத்த பொம்மைகள் விற்கிறார்கள். வேட்டைக்காரன், பாட்டி, புகைபோக்கி சுத்தம் செய்பவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உடை, முகத்துக்கு ஒரு வால்நட். தேன்மெழுகு மெழுகுவர்த்திக் கடைப் பக்கம் போனால் தேன் வாசம்.

குளிர் இரண்டு டிகிரி. காதும் விரல் நுனியும்தான் முதலில் வலிக்கும். எல்லோரும் கையில் ஒரு பீங்கான் குவளையோடு நிற்கிறார்கள். உள்ளே பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய ஒயின். மது வேண்டாதவர்களுக்கு அதே மசாலா போட்ட பழரசம் உண்டு. கிண்டர்புன்ஷ் என்று கேட்க வேண்டும். குவளைக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வந்துவிடும். நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. சந்தையின் படம் போட்ட அழகான குவளை, பெட்டிக்குள் போய்விட்டது.

டிசம்பர் 23, நூரெம்பர்க்

மதியம் 12 மணிக்குச் சதுக்கத்தில் கூட்டம் அப்படியே நின்று அண்ணாந்து பார்க்கிறது. ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்தின் முகப்பில் 1509-ல் வைத்த கடிகாரம். மணி அடித்ததும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி ஏழு இளவரசர்கள் மூன்று முறை வலம் வருகிறார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஏழு பேருக்கு என்று 1356-ல் போட்ட சட்டத்தின் நினைவு அது.

அதே பேரரசரின் அனுமதியோடுதான் 1349-ல் இந்த இடத்தில் இருந்த யூதர் குடியிருப்பு அழிக்கப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில்தான் இந்தத் தேவாலயம் நிற்கிறது. 1945 ஜனவரி 2 அன்று குண்டுவீச்சில் பழைய ஊரே எரிந்து, பிறகு கல் கல்லாகக் கட்டியெழுப்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் நடக்கும்போது இதெல்லாம் கண்ணில் படாது. தெரிந்துகொண்டு நடப்பதுதான் இந்த ஊருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் லெப்கூக்கன். இவர் வந்ததே இதற்குத்தான். உள்ளங்கை அகலம், அடியில் காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பம், மேலே பழுப்பு மாவு. உயர்தரமான எலிசன் வகையில் மாவு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பாதாம், ஹேசல்நட், வால்நட் நூற்றுக்கு இருபத்தைந்தாவது இருக்க வேண்டும் என்று விதி. இவர் உடனே கடிக்கவில்லை. இரண்டாகப் பிய்த்து மூக்கருகில் வைத்துக்கொண்டார். ஏலக்களத்தில் சாம்பிள் தட்டைப் பார்ப்பது போலவே நின்றார்.

“கிராம்பு முதல்ல வருது. பட்டை, கொத்தமல்லி, ஜாதிக்காய். ஏலம் கடைசியிலதான் வருது, ஆனா நிக்குது” என்றார். பிறகுதான் வாயில் போட்டார். எனக்கு முதலில் தெரிந்தது ஆரஞ்சுத் தோலின் கசப்பு. மென்று முடித்து வெகுநேரம் கழித்தும் ஏலக்காய் தொண்டையில் இருந்தது.

தேன் இந்த ஊரைச் சுற்றியுள்ள காட்டிலிருந்து வந்தது. மசாலா வெனிஸ் வழியாக வந்தது. இரண்டும் சேர்கிற சந்தியில் நூரெம்பர்க் இருந்ததால் இந்தப் பலகாரம் இங்கே வேர்விட்டது. அந்த வெனிஸுக்கு முன்னால்? அலெக்ஸாண்டிரியா, செங்கடல், அரபிக் கடல், அதற்கப்புறம் நம் மலைச்சரிவு. இன்று உலகத்தில் அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தச் செடியைக் கொண்டுபோய் நட்டவர் ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர். எங்கள் வியாபாரத்தின் விலை ஏற்ற இறக்கத்தில் பாதி அவர் நட்டதிலிருந்து வருகிறது!

மாலையில் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம். மார்ட்டின் பெஹாய்ம் என்ற இந்த ஊர்க்காரர் 1492-ல் செய்ய வைத்த பூமி உருண்டை அங்கே இருக்கிறது. இன்று மிஞ்சியிருக்கும் உருண்டைகளில் அதுதான் பழையது. அரை மீட்டர் குறுக்களவு, வயதாகிக் கறுத்துப்போயிருக்கிறது. அமெரிக்கா அதில் கிடையாது. கொலம்பஸ் கடலில் இருந்த ஆண்டு அது. கிழக்குத் தீவுகளின் பக்கம் மசாலாவைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறது. ஜெர்மனிக்கு வந்து சேர்வதற்குள் சரக்கு பன்னிரண்டு கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் சுங்கமும் லாபமும் ஏறுகிறது, வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்ற பொருளில்.

இவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தோட்டக்காரர், ஏலக் கம்பெனி, எங்களைப் போன்ற வியாபாரி, வடநாட்டு மொத்தக்கடை, சில்லறைக்கடை என்று விரல் விட்டு எண்ணினார். நாங்கள் எந்தக் கை என்று எனக்கு இத்தனை தெளிவாக ஒரு நாளும் தெரிந்ததில்லை.

டிசம்பர் 24, ஓபர்ன்டார்ஃப்

காலை ரயிலில் மியூனிக் வந்து, வண்டி மாறி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். பகல் இரண்டு மணிக்குக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தத் தொடங்கின. இன்று மாலை முதல் 26 வரை மளிகைக்கடை கிடையாது என்று விடுதிக்கார அம்மா சொல்லியிருந்ததால் ரொட்டி, பால், பழம், பாலாடைக்கட்டி வாங்கி வைத்துக்கொண்டோம். இந்தப் பருவத்தில் வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

சால்ஸ்பர்க் ரயில் நிலையத்தின் தரையடியிலிருந்து ஒரு உள்ளூர் ரயில் புறப்படுகிறது. அரை மணி நேரத்தில் ஓபர்ன்டார்ஃப். சால்ஸாக் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அக்கரையில் இருக்கும் லாஃபன் ஜெர்மனி. முன்பு இரண்டும் ஒரே ஊர். மலையிலிருந்து உப்பு ஏற்றி வரும் படகுக்காரர்களின் ஊர். 1816-ல் ஆற்றின் நடுவே நாட்டெல்லையைப் போட்டுவிட்டார்கள். நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. தம்போரா எரிமலை வெடித்ததால் கோடையே வராமல் போன ஆண்டும் அதுவே. பயிர் இல்லை, பசி. அந்த ஆண்டில் யோசஃப் மோர் என்ற இளம் பாதிரியார், மரியாஃபார் என்ற மலையூரில், ஆறு பத்திகளில் ஒரு கவிதை எழுதினார். அடுத்த ஆண்டு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். 1818 டிசம்பர் 24 அன்று பக்கத்து ஊர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ஸாவர் குரூபரிடம் கவிதையைக் கொடுத்தார். குரூபர் மெட்டமைத்தார். அன்று இரவே இருவரும் தேவாலயத்தில் ஒரு கிட்டாரோடு பாடினார்கள். ‘சைலன்ட் நைட்’ பிறந்த கதை இதுதான். 

பாட்டு இங்கிருந்து ஓர் ஆர்கன் பழுதுபார்ப்பவரோடு தீரோல் மலைப்பகுதிக்குப் போனது. அங்கே ஊர் ஊராகப் போய்ப் பாடும் குடும்பங்கள் அதை எடுத்துக்கொண்டன. 1839-ல் நியூயார்க்கில் பாடப்பட்டது. இன்று முன்னூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. எழுதியவரின் பெயரோ உலகத்துக்கு வெகுகாலம் தெரியவில்லை. மோர் 1848-ல் ஏழையாகவே இறந்தார்.

அவர்கள் பாடிய தேவாலயம் வெள்ளத்தில் பாழாகி இடிக்கப்பட்டுவிட்டது. அந்த மேட்டில் இப்போது எண்கோண வடிவில் சின்னதாக ஒரு கோயில். இருபது பேர் உட்காரலாம் அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிகளில் மோரும் குரூபரும். மாலை 5 மணி வழிபாடு வெளியே திறந்தவெளியில். ஆயிரக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா, பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். இருட்டில் எல்லோர் மூச்சும் வெள்ளையாகத் தெரிந்தது.

கடைசியில் ஒரே ஒரு கிட்டார், இரண்டு குரல்கள். முதலில் பாடியது போலவே. மைக்கில் வந்தாலும் சத்தம் மெல்லியதுதான். ஆஸ்திரியாவில் பலர் இந்தப் பாட்டை இன்று இரவு வரும்வரை பாடுவதில்லையாம். நம் ஊரில் டிசம்பர் பிறந்ததும் கடை கடையாக ஒலிக்கும் பாட்டு, இங்கே ஆண்டுக்கு ஒரு இரவுக்கு என்று காத்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாத்தா வாயைத் திறந்து பாடவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் நம்பிக்கை வேறு. ஆனால் பசித்திருந்த ஊருக்கு ஒருவர் அமைதியை எழுதிக்கொடுத்தார் என்பதைப் புரிந்துகொள்ள அது தடையாக இல்லை.

டிசம்பர் 25, சால்ஸ்பர்க்

எல்லாம் மூடியிருந்தது. ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நாங்களும் நடந்தோம்.

மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பழக்கம் எனக்கு. இங்கே விடிவதே எட்டு மணிக்கு. இருட்டிலேயே குளித்து, போர்வைக்குள் உட்கார்ந்து திருப்பாவை சொன்னேன். காலை உணவுக்கு இறங்கியபோது விடுதிக்கார அம்மா பிறைநிலா வடிவில் வெனிலா பிஸ்கட் ஒரு தட்டு வைத்தார். வாயில் போட்டதும் மாவாக உதிர்ந்தது. வீட்டில் செய்தது, விற்பனைக்கு இல்லை என்றார்.

அவர் கையில் தூபக்கலசம் இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை வரும் பன்னிரண்டு இரவுகளுக்கு ரவுநெஹ்ட்டே என்று பெயர். அந்த நாட்களில் தணல் போட்டு, குங்கிலியமும் மலைச்செடிகளும் தூவி, அறை அறையாகவும் மாட்டுத்தொழுவத்திலும் புகை காட்டுவது ஆல்ப்ஸ் மலைநாட்டு வழக்கம். பழைய ஆண்டின் தீங்கு போக வேண்டும் என்பதற்காக. அவருக்கு இந்த வழக்கம் பாட்டியிடமிருந்து வந்ததாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டிலிருந்து வந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரோடு மாடிவரை போய் வந்தேன், கதவுகளைத் திறந்துவிட்டேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் தெளிந்த சூப் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறுதான், மேலே மிதப்பது தோசைத் துண்டு போல இருந்தாலும். காஸ்நாக்கன் கேளுங்கள். மாவு உருண்டையும் பாலாடைக்கட்டியும் இரும்புச் சட்டியில் வதக்கி, மேலே பொன்னிறமாக வெங்காயம் தூவி, சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பன்றி இறைச்சி வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 27, ஹால்ஸ்டாட்

இதுவரை பனி இல்லை. சமவெளி ஊர்களில் கிறிஸ்துமஸுக்குப் பனி இருப்பது இப்போதெல்லாம் அபூர்வமாம். மலைக்குள் ரயில் நுழைந்ததும் விழத் தொடங்கியது. நிலையத்தில் இறங்கினால் எதிரே ஏரி. படகில் அக்கரை போனால் ஊர்.

வீடுகளைப் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர் இது. சன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள் என்று அவர்கள் அறிவிப்பு வைக்கும் நிலை வருத்தமாக இருந்தது. மேலே மலைக்குள் உப்புச் சுரங்கம். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் செய்த மரப்படிக்கட்டு அதற்குள் கெடாமல் கிடைத்திருக்கிறது. உப்பு எதையும் மக்க விடுவதில்லை. மிச்சத்தை வியன்னாவில் பார்க்கலாம் என்று மதியப் படகிலேயே திரும்பிவிட்டோம்.

டிசம்பர் 29, வியன்னா

மரியா தெரேசா சதுக்கத்தில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு அருங்காட்சியகங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இயற்கை வரலாற்றுப் பக்கம் ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் எடுத்த பொருட்கள். மாட்டுத்தோலில் செய்த முதுகுப்பை ஒன்று. முடிகூட உதிராமல் இருக்கிறது. தோளில் ஒரு பட்டை, மறுபக்கம் ஒரு கழி; கழியை விட்டால் பை சாய்ந்து உப்பு கொட்டிவிடும், பையைக் கழற்றி இறக்க வேண்டாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் தன் முதுகு வலியைக் குறைக்க யோசித்த யோசனை. மூட்டை தூக்கும் ஆட்களோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் இவர். அந்தப் பையைப் படமெடுத்துக் குடோன் ஆட்களுக்கு அனுப்பினார்.

கலை அருங்காட்சியகத்தில் ஒரே ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறார்கள். பின்னால் சோர்ந்துபோன நாய்க்கூட்டம். கிடைத்தது ஒரே ஒரு நரி. இடது பக்கம் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கியில் மட்டும் தொங்குகிறது. அதன் கீழே நெருப்பு மூட்டி வேலை செய்கிறார்கள், தீநாக்கு காற்றில் சாய்கிறது. தூரத்தில் உறைந்த குளத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். அதற்கு முந்தைய குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கடுமையாக இருந்ததாம். படத்தில் யாருக்கும் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த மூவரும் வீடு போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வார்கள் என்று கவலை வருகிறது. நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்பது இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது.

டிசம்பர் 31, வியன்னா

காலையிலிருந்தே தெருவோரம் சின்னச் சின்ன பன்றிகள் விற்கிறார்கள். மார்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றி, கண்ணாடிப் பன்றி, நாலிலைச் செடியைக் கவ்விய பன்றி. புத்தாண்டு அதிர்ஷ்டத்துக்காக ஒருவருக்கொருவர் கொடுப்பது. விடுதி வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

மதியம் கிராபன் தெருவில் நடனப் பள்ளிக்காரர்கள் வழிப்போக்கர்களுக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று இரண்டு மூன்று, முதல் அடிக்கு அழுத்தம். நம் திஸ்ரம்தான். தகிட தகிட என்று நான் வாய்க்குள் சொல்லத் தொடங்கியதும் கால் தானாக வந்தது. இவர் முதலில் ஓரமாக நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஜோடி எங்களைக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தார்கள். பொது இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இவர் நடந்ததே குறைவு.

இரவு புனித ஸ்டீஃபன் பேராலயத்தின் பக்கம். அங்கே இருக்கும் பும்மெரின் என்ற பெரிய மணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1683 முற்றுகையில் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-ல் வார்த்தார்கள். 1945-ல் கூரை எரிந்தபோது மணி விழுந்து நொறுங்கியது. நொறுங்கிய உலோகத்தையும் சேர்த்து 1951-ல் மறுபடி வார்த்தார்கள். 20 டன்னுக்கு மேல் எடை.

நள்ளிரவில் அந்த மணி அடித்தது. காதால் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் இடிக்கிறது. அது ஓய்ந்ததும் ஒலிபெருக்கிகளில் யோஹான் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் வால்ட்ஸ். கம்பளிக் கோட்டோடும் கையுறையோடும் தெரு முழுக்க ஆட ஆரம்பித்தது. போலீஸ்காரர் ஒருவர் தன் சக போலீஸ் பெண்ணோடு ஒரு சுற்று சுற்றினார். நாங்களும் ஆடினோம். தகிட தகிட.

ஜனவரி 1, வியன்னா

வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரி காலை 11.15-க்கு மியூசிக்ஃபெரைன் அரங்கில். நகராட்சி மண்டபத்தின் முன்னால் பெரிய திரையில் காட்டுகிறார்கள், கட்டணம் இல்லை. இந்தக் கச்சேரி 1939-ல் நாஜி ஆட்சியில் தொடங்கியது. அந்த நாட்களில் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட யூத இசைக்கலைஞர்களைப் பற்றி இப்போது இசைக்குழுவே வெளிப்படையாக எழுதுகிறது. அதையும் படித்துவிட்டுத்தான் போனோம்.

முடிவில் நீல டான்யூப் தொடங்கியதும் கைதட்டி நிறுத்துவார்கள், இசை நடத்துனர் திரும்பி வாழ்த்துச் சொல்வார், பிறகுதான் மறுபடி வாசிப்பார்கள். இதுவும் மரபு. கடைசியாக ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசைக்கு அரங்கே தாளம் போடுகிறது. எங்கே மெதுவாகத் தட்ட வேண்டும், எங்கே ஓங்கித் தட்ட வேண்டும் என்று நடத்துனர் கையைக் காட்டுகிறார். திரைக்கு முன்னால் நின்ற நாங்களும் அதற்குக் கட்டுப்பட்டோம்.

மதியம் மசூர்ப் பருப்புக் குழம்பு மாதிரி ஒன்று. ஆண்டின் முதல் நாளில் பருப்பு சாப்பிட்டால் கையில் காசு தங்கும் என்று இங்கே நம்பிக்கை. வியாபாரி வீடு, இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டோம்.

அரங்கத்துக்குள் உட்கார்ந்து கேட்க டிக்கெட் குலுக்கல் முறையில்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் இசைக்குழுவின் இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும், அடுத்த ஜனவரிக்கு. இவர் இப்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்.